கேளுங்க சொல்றேன்: கவுன்சில்னா குப்பை வண்டி மட்டும்தானா?

ரெண்டு மாசமா வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு எல்லாத்தையும் உக்காந்து பார்த்தேன், பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பசங்க, கத்தி, பயம், கூடவே இந்த கவுன்சில்காரங்க என்னதான் புடுங்கறாங்கங்கற எரிச்சல். அதனால விசா, மார்ட்கேஜ், பார்க்கிங் ஃபைன் கேள்வியெல்லாம் இந்த தடவை ஓரமா வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. கேட்டவங்க எல்லாரும் லண்டன்காரங்க, அதனால பதிலும் லண்டனுக்குத்தான். பேர் எதுவும் போடல, பாதி பேர் போட வேணாம்னுதான் கேட்டிருந்தீங்க.

வெம்பிளியிலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 13 வயசு சார். ஸ்கூல் விட்டு ஸ்டேஷன் வழியா வரப்போ பெரிய பசங்க மறிச்சு போனைப் புடுங்கிட்டாங்க, ஒருத்தன் ஜாக்கெட்டைத் தூக்கி கத்தியைக் காமிச்சானாம். கவுன்சிலுக்கு போன் பண்ணா போலீஸ்கிட்ட போங்கறாங்க. போலீஸ் ஒரு கிரைம் நம்பரைக் குடுத்துட்டு அந்த இடத்துல லைட்டு, கேமரா எல்லாம் கவுன்சில் சமாச்சாரம்ங்கறாங்க. அப்ப கவுன்சிலோட வேலைதான் என்ன?

முதல்ல பையன் எப்படி இருக்கான்? சரியா சாப்பிடறானா, தூங்கறானா? ஸ்கூல்ல சொன்னீங்களான்னு எழுதல நீங்க. சொல்லிடுங்க, அதே கும்பல் அதே ஸ்கூல்ல வேற பசங்ககிட்டயும் போனைப் புடுங்கியிருக்கலாம்.

இப்ப கவுன்சில். 1998ல கிரைம் அண்ட் டிஸ்ஆர்டர் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு. அதோட 17வது பிரிவைப் பத்தி நம்மாளுங்கள்ல நூத்துல ஒருத்தருக்காவது தெரியுமான்னு எனக்கு சந்தேகம். கவுன்சில் எந்த வேலையைச் செஞ்சாலும், தெருவிளக்கு போட்டாலும், கடைக்கு லைசென்ஸ் குடுத்தாலும், பார்க் வேலியைக் கழட்டினாலும், இதனால குற்றம் கூடுமா குறையுமான்னு யோசிச்சுத்தான் செய்யணும்னு அது சொல்லுது. அதே சட்டப்படி கவுன்சில், போலீஸ், ஃபயர் சர்வீஸ், ப்ரொபேஷன், ஹெல்த் ஆளுங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து கம்யூனிட்டி சேஃப்டி பார்ட்னர்ஷிப்னு நடத்தியாகணும். பத்தாததுக்கு 2023 ஜனவரி 31லேர்ந்து சீரியஸ் வயலன்ஸ் டியூட்டின்னு இன்னொண்ணு, இந்த ஏரியாவுல வன்முறை ஏன் நடக்குதுன்னு ஆராய்ஞ்சு திட்டம் போட்டே ஆகணும்னு. ஆக "அது போலீஸ் வேலை"ன்னு உங்களுக்கு போன்ல சொன்ன ஆளு பாதி உண்மைதான் சொல்லியிருக்காரு.

போன் பண்றதை விடுங்க, எழுதுங்க. உங்க வார்டு கவுன்சிலருக்கு (ஒருத்தரோ மூணு பேரோ இருப்பாங்க, எல்லாருக்கும்) ஒரே மெயில், கிரைம் நம்பரைப் போட்டு, எந்த பஸ் ஸ்டாப், எந்த சந்து, மணி என்ன, லைட்டு எரியுதா இல்லையான்னு. "ஏரியாவே கெட்டுப்போச்சு"ன்னு பொதுவா எழுதினா அவங்களும் பொதுவாத்தான் பதில் போடுவாங்க. அப்புறம் ஒவ்வொரு வார்டுக்கும் சேஃபர் நெய்பர்ஹுட் டீம்னு ஒரு போலீஸ் டீம் இருக்கு, அவங்க எதுல கவனம் வைக்கணும்னு முடிவு பண்றது வார்டு பேனல்னு ஒரு கூட்டம், அதுல அந்த ஏரியாவுல குடியிருக்கறவங்கதான் உக்காருவாங்க. எங்க வார்டுல நான் போறேன். முதல் தடவை போனப்ப ஒம்பது பேர், அதுல ஏழு பேர் ரிட்டயர் ஆன வெள்ளைக்காரங்க, ரெண்டு மணி நேரத்துல ஒண்ணேகால் மணி நேரம் நாய்க் கழிவையும் நடைபாதையில சைக்கிள் ஓட்டறதையும் பத்தி. அவங்க மேல எனக்குக் கோவமே இல்ல, அவங்க வந்தாங்க, அவங்க பிரச்சினையைச் சொன்னாங்க, அது முதல் இடத்துக்கு வந்துச்சு. ஸ்கூல் விடற நேரத்துல ஸ்டேஷன் வாசல்னு யாராவது சொல்லியிருந்தா அதுவும் வந்திருக்கும்.

மிட்சமிலிருந்து ஒரு தகப்பன்: அண்ணை, மகனுக்கு 15. கொஞ்ச நாளா புதுச் சப்பாத்து, ரெண்டு போன், கேட்டா சிநேகிதப் பெடியன் தந்தவனாம். போன கிழமை ஒரு இரவு வீட்டை வரேல்லை. அவன்ர ஜாக்கெட்டுக்குள்ள ஒரு ட்ரெயின் டிக்கெட், நாங்கள் கேள்வியே படாத ஊர். சோசியல் சர்வீசுக்குச் சொன்னா பிள்ளையைப் பிரிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்டு மனுசி அழுகிறா. என்ன செய்யிறது?

அண்ணே, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். புது ஷூ, ரெண்டாவது போன், ராத்திரி காணாமப் போறது, தெரியாத ஊர் டிக்கெட்டு, இது நாலும் சேர்ந்தா இங்க கவுண்டி லைன்ஸ்னு சொல்றதோட அறிகுறியா இருக்கலாம். லண்டன் கும்பல் சின்ன சின்ன ஊர்ல போதை மருந்து விக்கறதுக்கு ஒரு போன் லைன் வச்சிருக்கும், சரக்கை எடுத்துட்டுப் போறதுக்கு 14, 15 வயசுப் பசங்க. முதல்ல ஷூ வாங்கிக் குடுப்பாங்க. அப்புறம் ஒருநாள் அவங்க ஆளுங்களே வழியில அவன்கிட்ட இருந்து சரக்கை அடிச்சுட்டு, "தொலைச்சிட்டே, இத்தனை பவுண்ட் கடன்"னுவாங்க. அதுக்கப்புறம் அவன் சம்பளம் இல்லாத அடிமைதான். அப்படித்தான் நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஆனா காத்திருந்து பார்க்கற விஷயமும் இல்ல இது.

பிள்ளையைப் பிரிப்பாங்கங்கற பயம்தான் நம்ம ஜனங்களை ரொம்பக் கெடுக்குது. பிள்ளையை வீட்லேர்ந்து எடுக்கணும்னா கவுன்சில் கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கணும், இல்ல நீங்களா சம்மதிக்கணும். உடனடி ஆபத்துன்னா போலீஸ் 72 மணி நேரம் பாதுகாப்புல வைக்கலாம், அவ்வளவுதான். நீங்க அடிச்சு விரட்டின அப்பா இல்ல, உதவி கேட்டுப் போற அப்பா. கவுன்சில் வெப்சைட்ல "மாஷ்"னு ஒரு பிரிவு இருக்கும், சோசியல் வொர்க்கர், போலீஸ், ஹெல்த் மூணும் ஒரே மேசையில உக்கார்ற இடம், அங்க சொல்லுங்க. தமிழ் இன்டர்ப்ரட்டர் வேணும்னு கேளுங்க, காசு கிடையாது, தயவுசெஞ்சு அந்தப் பையனையோ வீட்ல இருக்கற வேற பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீங்க. 2015 மாடர்ன் ஸ்லேவரி ஆக்ட்டுப்படி இந்த மாதிரி மாட்டிக்கிட்ட பிள்ளையைப் பாதிக்கப்பட்டவன்னு பதிவு பண்ண கவுன்சிலே அனுப்பி வைக்கலாம், பின்னாடி கேஸுன்னு வந்தா அது பெரிய துணை.

இன்னொரு தடவை ராத்திரி வரலைன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, உடனே போலீசுக்கு அடிங்க, 24 மணி நேரம் கழிச்சுத்தான் சொல்லணும்ங்கறதெல்லாம் சினிமா. திரும்பி வந்ததும் 72 மணி நேரத்துக்குள்ள போலீஸ் இல்லாத, வீட்டு ஆள் இல்லாத ஒருத்தர் அவன்கூடத் தனியாப் பேச கவுன்சில் ஏற்பாடு பண்ணணும். அந்தப் பேச்சுலதான் பல பசங்க வாயைத் திறப்பாங்க. கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பி வைக்கலாமான்னு வீட்ல பேச்சு வரும், யாராவது பெரியவங்க கண்டிப்பா சொல்லுவாங்க. அவன் திரும்பி வந்தா அந்தக் கடன் அப்படியே இருக்கும்ணே. அதுவரைக்கும் அந்தக் கும்பல் உங்க வீட்டு வாசல்ல வந்து இருக்கறவங்ககிட்ட கடனைக் கேப்பானுங்க.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர்: கத்திக்குத்து பண்றது யாருன்னு ஊருக்கே தெரியும் (இங்க ஒரு வார்த்தை போட்டிருந்தார், வெட்டிட்டேன்). நம்ம பிள்ளைங்க படிக்கற பிள்ளைங்க. கவுன்சில் ரேஸ் ஈக்வாலிட்டின்னு போஸ்டர் அடிச்சு டாக்ஸ் காசைக் கரியாக்குது. அந்தக் காசுல ரெண்டு போலீஸ்காரனைக் கூடுதலாப் போடலாமே?

உங்களுக்கு ஒரு கதை சொல்றேன், உங்க ஊர்க் கதைதான். லண்டன் மெட் போலீஸ்கிட்ட கேங்ஸ் மேட்ரிக்ஸ்னு ஒரு லிஸ்டு இருந்துச்சு, 2011 லண்டன் கலவரத்துக்கு அப்புறம் 2012ல ஆரம்பிச்சது. எந்தப் பையன் எந்தக் கும்பல்னு பேர், அட்ரஸ், எல்லாம். 2017 ஜனவரியில உங்க நியூஹாம் கவுன்சில் ஆள் ஒருத்தர் அந்த லிஸ்டை 203 பேர் விவரத்தோட, எதையும் மறைக்காம, 44 பேருக்கு மெயில்ல அனுப்பிட்டார். கொஞ்ச மாசத்துல அதோட போட்டோ ஸ்னாப்சாட்ல எதிர்க் கும்பல் கையில. 2019 ஏப்ரல்ல கவுன்சிலுக்கு 1,45,000 பவுண்ட் ஃபைன். அதுவும் நம்ம டாக்ஸ் காசுதான், கரியானதுன்னா இதுதான் கரியானது.

அந்த லிஸ்டுல யார் இருந்தாங்கன்னா, 78 சதவீதம் கறுப்பினப் பசங்கன்னு 2018ல ஆம்னெஸ்டிங்கற மனித உரிமை அமைப்பு வெளியிட்டுச்சு. லிஸ்டுல இருந்த நிறைய பேர் மேல வன்முறை கேஸே கிடையாது, யாரோட நிக்கறான், என்ன ம்யூசிக் வீடியோ போடறான்னு பார்த்துச் சேர்த்திருக்காங்க. கடைசியில அது நடத்தப்பட்ட விதம் சட்டத்துக்கு விரோதம்னு மெட்டே 2022ல ஒத்துக்கிட்டு, 2024ல மூடிட்டாங்க. இப்ப நீங்க "ஊருக்கே தெரியும்"னு சொல்றீங்க பாருங்க, அந்த லிஸ்டை எழுதினவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

சரி, நம்ம பிள்ளைங்க படிக்கற பிள்ளைங்க. 2000த்தோட தொடக்கத்துல நீங்க இங்க இருந்தீங்களா? ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங்னு தமிழ்ப் பசங்க வாளும் கத்தியுமா நடு ரோட்டுல மோதிக்கிட்டது ஞாபகம் இருக்கா? மெட் போலீஸ் அதுக்குன்னே ஆபரேஷன் என்வர்னு தனி டீம் வச்சிருந்துச்சு. அப்ப இங்கிலீஷ் பேப்பர்ல "தமிழ் கேங்"னு தலைப்பு வந்தப்ப நமக்கு எப்படி இருந்துச்சு? நாலு பேர் பண்றதுக்கு மொத்த சமூகத்தையும் சொல்றாங்களேன்னு இதே மாதிரி ஒரு பத்திரிகையில உக்காந்து கோவமா எழுதினவன்ல நானும் ஒருத்தன். அந்தப் பசங்க கதையும் வேற இல்லீங்க, சண்டையில இருந்து தப்பி வந்த வீடு, அப்பா ராப்பகலா பெட்ரோல் ஸ்டேஷன்ல, ஸ்கூல்ல மொழி தெரியாம அடி வாங்கினவன் பத்து பேரோட சேர்ந்தா அடி விழாதுன்னு சேர்ந்தான்.

அடி விழுந்தது சும்மா பேச்சில்ல. 1992 ஜனவரியில உங்க ஈஸ்ட் ஹாம் பக்கத்துலதான் ஒரு தமிழ் அகதி இளைஞர் இனவெறிக் கும்பல் அடிச்சதுல செத்துப்போனார். அப்ப தெருவுல இறங்கினவங்கள்ல கறுப்பினத்தவங்களும் இருந்தாங்க, பஞ்சாபிங்களும் இருந்தாங்க, நம்மாளுங்க மட்டும் தனியாப் போகல.

அடுத்த வருஷம், 1993 ஏப்ரல் 22, எல்தம்ல பஸ்ஸுக்கு நின்ன ஸ்டீஃபன் லாரன்ஸ்ங்கற கறுப்பினப் பையனை இனவெறிக் கும்பல் குத்திக் கொன்னுடுச்சு. கூட இருந்த சிநேகிதனை சாட்சியாப் பார்க்காம சந்தேகத்தோட பார்த்தது போலீஸ். அந்தக் கேஸை போலீஸ் நடத்தின விதத்தை விசாரிச்ச 1999 மேக்ஃபர்சன் அறிக்கை அதைத்தான் நிறுவனத்துக்குள்ளயே ஊறின இனவெறின்னு எழுதுச்சு, முதல் ரெண்டு பேருக்கு தண்டனை கிடைக்க 2012 ஆச்சு. இதுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்னா, கொலை கேஸு சாட்சி இல்லாம நிக்காது. போலீஸை நம்பாத தெருவுல சாட்சி சொல்ல எவனும் வர மாட்டான், குத்தினவன் வெளிய சுத்துவான், குத்து வாங்கினவனோட அண்ணன் தானே கணக்கை முடிக்கக் கிளம்புவான். ஹாக்னில 2020 டிசம்பர்ல ஒரு 15 வயசு கறுப்பினப் பொண்ணை ஸ்கூலுக்குள்ளயே துணி கழட்டிச் சோதனை போட்டாங்க, கஞ்சா வாசம்னு. ஒண்ணும் கிடைக்கல. 2022ல உள்ளூர் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு விசாரிச்சு இதுல இனவெறியும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு எழுதுச்சு. அந்தப் பொண்ணோட க்ளாஸ்மேட்டு நாளைக்கு ஒரு கத்திக்குத்தைக் கண்ணால பார்த்தா போலீசுக்கு போன் பண்ணுவாளா?

அதனால 2010 ஈக்வாலிட்டி ஆக்ட் 149வது பிரிவு கவுன்சிலுக்கு வைக்கிற கடமை போஸ்டர் ஒட்டறது இல்ல. எந்தத் திட்டம் போட்டாலும் அது எந்த இனத்துப் பசங்க மேல எப்படி விழுதுன்னு யோசிச்சுப் பார்க்கச் சொல்லுது. பாதி கவுன்சில் போஸ்டரோட நிறுத்திக்குதுங்கறதுல நான் உங்க கட்சி. கேக்கறதா இருந்தா "ரேஸ் ஈக்வாலிட்டி எதுக்கு"ன்னு கேக்காதீங்க, "நீங்க பண்ணினதா சொல்ற கணக்கு எங்கே"ன்னு கேளுங்க. போலீஸைக் கூடுதலாப் போடறதும் பெரும்பாலும் கவுன்சில் முடிவு இல்ல, அது மேயர் ஆபீஸ்.

இல்ஃபர்டிலிருந்து ஒரு பொண்ணு, வயசு 16: அங்கிள், எங்க ஏரியா யூத் கிளப்பை மூடிட்டு ஃப்ளாட் கட்டிட்டாங்க. பசங்க எல்லாம் சிக்கன் கடையிலதான் நிக்கறாங்க, கடைக்காரர் துரத்தினா பஸ் ஸ்டாப். ஆனா யூத் வயலன்ஸ் பத்தி மீட்டிங் மட்டும் நடக்குது, போன தடவை நான் போனேன், எங்க வயசுல நான் ஒருத்திதான், பேசவே விடல. இதுல என்ன அர்த்தம்?

கண்ணு, நீ கேட்டதுதான் இந்த மாசத்துக் கேள்வி.

சிக்கன் கடைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2019ல அரசாங்கத்துக்கு ஒரு யோசனை வந்துச்சு, சிக்கன் டப்பாவுல கத்தி வேண்டாம்னு கதை அச்சடிச்சு 210 கடைக்கு 3,21,000 டப்பா அனுப்பினாங்க. கறுப்பினப் பசங்கன்னா சிக்கன் கடைன்னு நினைப்பான்னு பெரிய சண்டை ஆயிடுச்சு. எனக்குத் தோணினது வேற, பசங்க சிக்கன் கடையில நிக்கறாங்கன்னு தெரிஞ்சுதே, ஏன் அங்க போய் நிக்கறாங்கன்னு யாரும் கேக்கலையா? ஒண்ணரை பவுண்டுக்கு ஒரு மணி நேரம் வெளிச்சமா, கதகதப்பா உக்கார வேற எடம் எது?

லண்டன்ல 2010லேர்ந்து 2019க்குள்ள யூத் கிளப்புல கிட்டத்தட்ட 30 சதவீதம் மூடியாச்சு. ஐஎஃப்எஸ்னு பொருளாதார ஆராய்ச்சிக்காரங்க 2024ல ஒண்ணு வெளியிட்டாங்க, பக்கத்து கிளப் மூடின ஏரியாப் பசங்க குற்றத்துல இறங்கற வாய்ப்பு 14 சதவீதம் கூடியிருக்கு, பரீட்சை மார்க்கும் இறங்கியிருக்கு, மூடி 1 பவுண்ட் மிச்சம் பிடிச்சதுக்கு கிட்டத்தட்ட 3 பவுண்ட் நஷ்டம்னு. ஆராய்ச்சி வேணாம், உன் பாட்டியைக் கேட்டாலே சொல்லியிருப்பாங்க. ஆனா பாட்டி சொன்னா பட்ஜெட்டுல எழுத மாட்டாங்களே.

கவுன்சில் ஏன் இப்படிப் பண்ணுதுன்னா, மேலேர்ந்து வர்ற காசு 2010க்கு அப்புறம் வெட்டு மேல வெட்டு. வயசானவங்க பராமரிப்பு, ஆபத்துல இருக்கற குழந்தைங்க, இதெல்லாம் சட்டப்படி செஞ்சே ஆகணும். யூத் சர்வீசுக்கும் சட்டம் இருக்கு, ஆனா "முடிஞ்ச அளவுக்கு"ன்னு ஒரு சந்து விட்டு வச்சிருக்காங்க, காசு தட்டுப்பாடு வந்தா எல்லாரும் அந்த சந்து வழியாத்தான் ஓடறாங்க. க்ராய்டன் மாதிரி எடத்துல 2020ல கவுன்சிலே காசில்லைன்னு கையை விரிச்சிடுச்சு.

வேற மாதிரி பண்ணின ஊரும் இருக்கு. கிளாஸ்கோ ஒரு காலத்துல ஐரோப்பாவுக்கே கொலை நகரம்னு பேர் வாங்கின ஊர். 2005ல அங்க போலீஸே ஆரம்பிச்ச வயலன்ஸ் ரிடக்‌ஷன் யூனிட், வன்முறையை நோய் மாதிரி பார்த்துச்சு. கும்பல் பசங்களைக் கூப்பிட்டு, விட்டுட்டு வந்தா வேலை, வீடு, படிப்புக்கு ஆள் ரெடி, வரலைன்னா போலீஸும் ரெடின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. புள்ளையைப் பறிகுடுத்த ஒரு அம்மாவும் அங்க பேசினாங்க. லண்டன்ல மேயர் சாதிக் கான் அதே பேர்ல ஒரு யூனிட் ஆரம்பிச்சு இப்ப சில வருஷமாச்சு. கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில 2006லேர்ந்தே ரெட்த்ரெட்னு ஒரு அமைப்பு, கத்திக்குத்தோட வர்ற பையன் பெட்டுக்குப் பக்கத்துல யூத் வொர்க்கரை உக்கார வச்சுட்டு வந்துச்சு. தையல் போட்ட அன்னிக்கு ராத்திரி ஒரு பையன் கேக்கற மாதிரி வேற எந்த நாளும் கேக்க மாட்டான்.

மீட்டிங் விஷயம். பெரும்பாலான கவுன்சில்ல பொதுஜனம் முன்கூட்டியே எழுதிக் குடுத்த கேள்விக்கு ஃபுல் கவுன்சில்ல (எல்லா கவுன்சிலரும் கூடற கூட்டம்) பதில் சொல்லியாகணும்னு விதி வச்சிருக்காங்க. கையைத் தூக்கிட்டு நிக்காதே, எழுதிக் குடு. "யூத் கிளப் நிலத்தை வித்த காசுல எவ்வளவு இளைஞர்களுக்குத் திரும்ப வந்துச்சு?" ஒரே வரி. ரெக்கார்டுல ஏறும். யூத் கவுன்சில் இருக்கான்னும் பாரு, இருந்தா நாலு ஃப்ரெண்டோட போ.

ஹாரோ, 17 வயசுப் பையன்: ஸ்டேஷன்ல போலீஸ் நிறுத்தி பேக்கைச் சோதிச்சாங்க, பேர் கேட்டாங்க, சொல்லிட்டேன். சொல்லாம இருந்திருக்கலாமா?

வெறும் ஸ்டாப் அண்ட் சர்ச்னா பேரும் அட்ரஸும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல தம்பி. அவங்கதான் உனக்குச் சொல்லணும், யார், எந்த ஸ்டேஷன், என்ன தேடறாங்க, ஏன் உன் மேல சந்தேகம், எந்தச் சட்டம். ரெக்கார்டு காப்பி மூணு மாசத்துக்குள்ள கேட்டு வாங்கலாம். செக்‌ஷன் 60னு அந்த ஏரியாவுக்கு ஆர்டர் இருந்தா மட்டும் தனியா சந்தேகம் வேணும்னு இல்ல. மரியாதையாப் பேசு, கைய ஆட்டாதே, மனசுல எல்லாத்தையும் குறிச்சுக்கோ. ஸ்டாப் அண்ட் சர்ச்சைக் கண்காணிக்கற பொதுமக்கள் குழு லண்டன்ல கவுன்சில் ஏரியாவுக்கு ஏரியா இருக்கு, அங்க உன்னை மாதிரி ஆளுங்க ரொம்பக் குறைச்சல்.

டூட்டிங் கடைக்காரர்: பள்ளிக்கூடப் பையன் ஒருத்தனை அனுப்பி என்கிட்ட காய் நறுக்கற கத்தி வாங்க வச்சு, பின்னாடியே கவுன்சில் ஆள் வந்து நிக்கறார். இது நியாயமா?

நியாயம்தான் அண்ணாச்சி. 18 வயசுக்குக் கீழ சமையல் கத்தியும் விக்கக்கூடாது, கடைகளைச் சோதிக்கற கவுன்சிலோட ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆளுங்க அப்படித்தான் பார்ப்பாங்க, ஜெயில் வரைக்கும் போற குத்தம். 25 வயசுக்குக் கீழ தெரிஞ்சா ஐடி கேளுங்க, கத்தியை கல்லாவுக்குப் பின்னாடி வைங்க. ஜாம்பி ஸ்டைல் கத்தி, ஜாம்பி ஸ்டைல் பட்டாக்கத்தி மாதிரி ஐட்டம் 2024 செப்டம்பர் 24லேர்ந்து வச்சிருக்கறதே குத்தம். அருவாமனையும் கணக்கான்னு கேட்டிருக்கீங்க. நான் இன்ஸ்பெக்டரா இருந்தா கத்தின்னுதான் எழுதுவேன். எந்தப் பத்தாம் கிளாஸ் பையன் அருவாமனை வாங்க வரப்போறான், வந்தா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.

ஹவுன்ஸ்லோ அக்கா: எனக்கு இந்தியன் பாஸ்போர்ட்டுதான். நான் போய் கவுன்சிலர்கிட்ட கேட்டா மதிப்பாங்களா?

ஓட்டே போடலாம் அக்கா! இந்தியா, இலங்கை எல்லாம் காமன்வெல்த். சட்டப்படி இங்க தங்க அனுமதி இருந்து, 18 வயசும் ஆயிருந்தா கவுன்சில் தேர்தல்ல மட்டுமில்ல, பார்லிமெண்ட் தேர்தல்லயும் ஓட்டு உண்டு. வோட்டர் லிஸ்டுல பேர் சேர்க்கணும், அவ்வளவுதான். ஓட்டுச்சாவடிக்கு போட்டோ ஐடி வேணும், உங்க இந்தியன் பாஸ்போர்ட்டையே காட்டலாம். லிஸ்டுல பேர் இருக்கற அக்கா மெயில் போட்டா கவுன்சிலர் பதில் எப்படி வேகமா வருதுன்னு பாருங்க.

வார்டு பேனலுக்கு வர்றேன்னு எழுதின மூணு பேருக்கு: தேதியை உங்க சேஃபர் நெய்பர்ஹுட் டீம்கிட்ட கேளுங்க. பிஸ்கட் குடுப்பாங்க. டீ மட்டும் ஃப்ளாஸ்க்ல நீங்களே கொண்டு போயிடுங்க, அங்க குடுக்கறதைக் குடிக்க முடியாது.